கண்ணாடி இடுக்கில் செருகியது

அந்த வீட்டில் இப்போது பாத்திரங்களுக்குத்தான் மரியாதை. வண்டிக்காரரின் மனைவி கணவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பேச வேண்டியதை எல்லாம் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“டீ ஆறிப் போகுதுன்னு யாருக்காவது தெரிஞ்சா நல்லது” என்றாள், அடுப்பிலிருந்து இறக்கிய ஏனத்தைப் பார்த்து.

வண்டிக்காரர் எழுந்து வந்து டம்ளரை எடுத்துக்கொண்டார்.

“இன்னிக்கு ஸ்டேஷனுக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. என் தம்பியையும் வரச் சொல்லியிருக்காங்க. வண்டியில இடமிருந்தா ஏறிக்கிறேன். இல்லைன்னா நடக்கத் தெரியாதவளா நான்?” இது கழுவிக் கவிழ்த்த சட்டிக்கு.

“வண்டியப் பட்டறைல காட்டிட்டு வந்து ஏத்திக்கிறேன்” என்று அவரும் சட்டியிடமே சொன்னார்.

சட்டி ஒன்றும் சொல்லவில்லை.

வண்டிப் புக், அதாவது பதிவுச் சான்று, காணாமல் போனதில் தொடங்கியது இது. அது இல்லாமல் எந்தக் குவாரியும் உள்ளே விடாது, வழியில் மடக்கினால் வண்டியையே பிடித்து நிறுத்திவிடுவார்கள். வீட்டைப் புரட்டினார்கள். சீட்டைக் கழற்றினார்கள். கடைசியில் வண்டிக்காரரின் கண் மச்சினன் மேல் போய் நின்றது. கூடவே ஓடி, கூடவே தின்று, அவர் வண்டியிலேயே மூட்டை ஏற்றி இறக்குகிறவன். புக் காணாமல் போவதற்கு முந்தின வாரம்தான், “மாமா, புக்க ஒரு நாள் குடுங்க, ஒரு நகல் எடுத்துக்கணும்” என்று கேட்டிருந்தான். போதாததற்கு, மீசை முளைக்காத வயதில் இதே வண்டியின் ஜாக்கியைத் தூக்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டவன். ஜாக்கியை விற்றவன் புக்கை விற்க மாட்டானா?

அதை வீட்டுக்குள் கேட்டிருந்தால் வீட்டோடு போயிருக்கும். வண்டிகள் நிற்கும் ஸ்டாண்டில், சுமைக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், அவன் பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். இரண்டு சட்டை விழுந்தது. சீப்பு விழுந்தது. புதிதாய் ஒரு ஜோடி பெண்பிள்ளைச் செருப்பு விழுந்தது.

“யாருக்குடா மாப்ள இது? சொல்லவே இல்ல!” என்று ஒருத்தன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். மச்சினன் எல்லாவற்றையும் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தான். மறுநாள் விடிந்தபோது செருப்பு மட்டும் வீட்டு வாசலில் இருந்தது. அக்காவின் அளவு.

அன்றைக்கே வண்டிக்காரர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். சந்தேகப்படுகிற ஆள் யார் என்று கேட்டதற்கு மச்சினன் பேரைச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? “என் பிள்ளை மேல ஆணையா அவன்தான் சார்” என்றார். அவருக்குப் பிள்ளை கிடையாது. அவனைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தார்.

*

பட்டறைக்காரனுக்கு நட்டு என்று பெயர். ஆள் குட்டை, அகலம், எவ்வளவு முடுக்கினாலும் அசைய மாட்டான்.

“இடது பக்கக் கண்ணாடி பாதியில நிக்குது. மேலயும் வரல, கீழயும் போகல” என்றார் வண்டிக்காரர். “புது புக்கு தர்றதுக்கு முன்னாடி வண்டியப் பாப்பாங்களாம். கண்ணாடி ஏறி இறங்கணுமாம்.”

“ஊரே இறங்கிக் கெடக்கு, உன் கண்ணாடி ஏறணுமாக்கும்” என்று நட்டு கதவின் உள்பலகையைக் கழற்றினான். டார்ச் அடித்துப் பார்த்தான். கையை விட்டான். எடுத்தான். குறடு ஒன்றை உள்ளே நுழைத்தான்.

“அண்ணே, உள்ள குருவி கூடு கட்டியிருக்குண்ணே.”

“என்னடா உளர்ற?”

“நெசமாத்தான். காகிதம் திங்கிற குருவி போல.”

குறட்டின் வாயில் பழுப்பாய் ஒரு உருண்டை வந்தது. கிரீஸ், துரு, கதவின் அடியில் தேங்கிய மழைத் தண்ணீர், எல்லாம் சேர்ந்து ஊறி மொத்தையாகிக் கிடந்தது. கண்ணாடியைத் தூக்கும் பல்சக்கரத்தில் சிக்கி மூன்று துண்டாகியிருந்தது. நட்டு அதை பானெட்டின் மேல் வைத்து, பச்சைப் பிள்ளையின் விரலைப் பிரிப்பதுபோலப் பிரித்தான்.

பிளாஸ்டிக் உறை. உள்ளே கெட்டித் தாள். உரிமையாளர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் மை கரைந்து நீலச் சேறாகியிருந்தது. வண்டி எண் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

வண்டிக்காரருக்கு எல்லாம் ஒரே அடியில் ஞாபகம் வந்தது. நல்ல மழை. சோதனைக்காக மடக்கியவர் இடது பக்க மரத்தடியில் நின்றபடி புக்கைக் கேட்டார். இவர் சீட்டில் நகர்ந்து போய் ஜன்னல் வழியே கொடுத்தார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார் அவர். வண்டி கிளம்பியதும் கண்ணாடி ஆடியது, சாரல் உள்ளே அடித்தது. ஆடுகிற கண்ணாடிக்கு எதையாவது மடித்துச் செருகுவது எல்லா வண்டிக்காரனுக்கும் கைப்பழக்கம். தீப்பெட்டி அட்டை, எடைச்சீட்டு, பீடிக்கட்டுத் தாள், கையில் எது இருக்கிறதோ அது. அன்று கையில் இருந்தது புக். மழை விட்டதும் எடுத்துக்கொள்ளலாம் என்று செருகினார். மழை விட்டது. அவர் மறந்தார். அது கதவுக்குள் இறங்கிவிட்டது.

செருகியது அவர் கை. கவிழ்த்தது அவன் பை.

நட்டு துணியில் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

“அன்னிக்கு ஸ்டாண்டுல நானும் இருந்தேண்ணே” என்றான். “அந்தச் சீப்பு என் காலடியிலதான் வந்து விழுந்துச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“இப்ப என்ன பண்ணச் சொல்ற?”

“நான் கதவுதான் பாப்பேன். மத்ததுக்கு ஸ்பேர் இல்ல நம்மகிட்ட.” பலகையை மாட்டித் திருகினான். “கண்ணாடி ஏறும், இறங்கும். ஆனா ஓரத்து ரப்பர் போச்சு. ரப்பர் வர்ற வரைக்கும் ஆடத்தான் செய்யும். சும்மா இருக்கட்டும்னு எதையாவது செருகித் தொலைக்காத.”

“யார்கிட்டயும்…”

“சொல்ல மாட்டேன்” என்றான் நட்டு. “உனக்கும் வாய் இருக்குல்ல.”

வண்டிக்காரர் துண்டுகளை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பை புடைத்தது. நெஞ்சோடு ஈரம் ஒட்டியது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். ‘இந்தா பாரு, கெடச்சுருச்சு’ என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். சிரிப்பு வருமா? ‘எப்படியோ உள்ள விழுந்திருக்கு’ என்று சொல்லலாம். எப்படியோ என்றால் எப்படி? ‘தப்பு என்னோடது’ என்பது இரண்டே வார்த்தை. கல் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் வண்டியை நிறுத்தி எடுத்தவருக்கு அந்த இரண்டு வார்த்தையை எடுக்க முடியவில்லை.

வாசலில் அவள் தயாராக நின்றாள். ஆணிக் கம்பெனியில் பொட்டலம் போடுகிறவள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ஆணி குத்திய கறுப்புப் புள்ளிகள். காலில் அந்தப் புதுச் செருப்பு. இன்றைக்குத்தான் போட்டிருக்கிறாள்.

அவர் செருப்பைப் பார்த்தார். வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

*

ஸ்டேஷன் வராந்தாவில் மச்சினன் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தான். கூட்டாளி ஒருத்தனின் அறையில் தங்கி, கட்டட வேலைக்குப் போகிறானாம். புருவத்தில் சிமெண்டுத் தூள். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். அவள் காலைப் பார்த்தான்.

“சரியா இருக்காக்கா?”

“இறுக்கமா இருக்கு. போடப் போட விட்டுக் குடுக்கும்” என்றாள் அவள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று நிறுத்திக்கொண்டாள்.

மாமாவுக்கு அவன் வணக்கம் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு இடம் விட்டு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தான். பழக்கம்.

எழுதுகிற போலீஸ்காரருக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார்.

“புக்கு வீட்ல எங்கயும் கெடைக்கலையே? நல்லாத் தேடினீங்களா?”

“தேடினோம் சார்” என்றார் வண்டிக்காரர்.

“கிழிஞ்சது, நனைஞ்சது, எலி கடிச்சதுன்னா எங்ககிட்ட வேலையே இல்ல. இருக்கிறத எடுத்துக்கிட்டுப் போயி பதிவு ஆபீஸ்ல ஒப்படைச்சா, அவங்களே புதுசு போட்டுத் தருவாங்க. தொலைஞ்சு போனாத்தான் இங்க வரணும். தொலைஞ்சுதான் போச்சு, இல்ல?”

இதைவிடப் பெரிய வாசல் யாருக்கும் திறக்காது. அப்படியே பையில் கைவிட்டு எடுத்து மேசையில் வைத்திருந்தால் முடிந்தது. வண்டிக்காரரின் கை பைவரைக்கும் போனது. பக்கத்தில் மனைவி. அவளுக்கு அந்தப் பக்கம் மச்சினன். எதிரே போலீஸ்காரர். பின்னால், புகார் கொடுக்க வந்த யாரோ இரண்டு பேர், பொழுது போகாமல் இவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு.

“தொலைஞ்சுதான் போச்சு சார்.”

“சரி. இந்தப் பையன் மேல சந்தேகம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“அது… இப்ப இல்ல சார். அவன் மேல சந்தேகம் இல்ல.”

மனைவி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம், பாத்திரத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அதை வாங்கிக்கொள்ள முடியாமல் அவர் சுவரில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார்.

“இப்ப இல்லைன்னா, அப்ப இருந்துச்சா?” போலீஸ்காரர் தும்மினார். “பாருங்க, பேரு ஏறிடுச்சு. வெறுமனே அடிச்சுத் தள்ள முடியாது. குடும்ப விஷயம், நானும் இழுக்க விரும்பல. தம்பி, ‘தெரியாம நடந்துபோச்சு, இனிமே நடக்காது’ன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. மாமா மன்னிச்சுட்டேன்னு கீழ போட்டுடுவார். தொலைஞ்சதுக்குச் சான்று இப்பவே தர்றேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

“எது சார் நடந்துச்சு?” என்றான் மச்சினன்.

“என்னது?”

“‘தெரியாம நடந்துபோச்சு’ன்னு எழுதச் சொல்றீங்க. எது நடந்துச்சு? நான் எடுக்கல சார். எடுக்காதவன் எதுக்கு எழுதணும்?” குரல் உயரவில்லை. “பால் கம்பெனியில டிரைவர் வேலைக்குச் சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. என் பேர்ல கேஸ் எதுவும் இல்லைன்னு இங்கருந்துதான் சார் எழுதி வாங்கணும். இத எழுதிக் குடுத்துட்டு அத எப்படி சார் கேக்கறது?”

“எழுதலைன்னா விசாரணைன்னு ஆகும். வாரா வாரம் வந்து நிக்கணும். அப்ப மட்டும் பால் கம்பெனி வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுமா?”

போலீஸ்காரர் ஒரு தாளை மச்சினன் பக்கம் தள்ளினார்.

அப்போது அவள் தம்பியின் கையைப் பிடித்தாள்.

“எழுதிடு தம்பி.”

“அக்கா, நீ கூடவா?”

“நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்டா. உங்க மாமாவே இறங்கி வந்துட்டார், பாத்தில்ல? நீயும் இறங்கி வா. போலீஸ்ல வாரா வாரம் உன்ன நிக்க வச்சுட்டு நான் எப்படிச் சோறு திங்கறது? எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வா. வேலை போனா வேற வேலை. எனக்குன்னு வேற யாரு இருக்கா?”

அவன் அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தக் கறுப்புப் புள்ளிகளை. பிறகு தாளை இழுத்தான்.

மேசையில் கிடந்த பேனா எழுதவில்லை. உதறினான். மறுபடி கிறுக்கினான். வரவில்லை.

வண்டிக்காரர் பேச வாயைத் திறந்தார். வெளியே வந்தது இதுதான்:

“இந்தா மாப்ள, என் பேனா.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே செருகியிருந்த பேனா. மூடியில் கிரீஸ் பட்டிருந்தது.

அவன் எழுதினான். எழுத்துக் கூட்டி, நிதானமாக, எடுக்காததை எடுத்ததாக எழுதினான். கீழே வண்டிக்காரர் மன்னித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு பிசிறும் இல்லாமல் அழகாக விழுந்தது கையெழுத்து.

*

வெளியே வந்ததும் அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். முதல் கிளாஸை அவரிடம் நீட்டினாள்.

“சூடா இருக்கு. பாத்துப் புடிங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். நேராக அவரிடமே சொன்னாள். அவருக்கு டீ இறங்கவில்லை. திருடித் தின்றவனுக்கு ஊர் கூடி விருந்து வைப்பதுபோல இருந்தது.

“மாமா, வண்டிய ரொம்ப நாளாக் கழுவலையா?” என்றான் மச்சினன், சக்கரத்தைப் பார்த்து. “சாயங்காலம் நான் கழுவிடறேன்.”

“வேணாம்.”

“நான் இல்லைன்னா சேத்தோடதான் நிக்கும். விடுங்க.”

முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். அவன் வழக்கம்போலப் பின்னால் ஏறி, கேபினுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூரையில் இரண்டு தட்டு தட்டினான். போகலாம் என்று அர்த்தம். அந்தத் தட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

வண்டி நகர்ந்தது. சாலை குண்டும் குழியும். முதல் குழியிலேயே இடது பக்கக் கண்ணாடி ஆட ஆரம்பித்தது.

கடகட. கடகட.

“என் தம்பிக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கணும்” என்றாள் அவள். “தரையிலதான் படுத்திருப்பான் அங்க. மூஞ்சியப் பாத்தீங்களா, ஒடுங்கிப் போயிருக்கு.”

“ம்.”

கடகட.

“நீங்க சந்தேகம் இல்லைன்னு சொன்னீங்க பாருங்க. அது போதும் எனக்கு. உங்களப் பத்தி நான் என்னென்னவோ நெனச்சுட்டேன். பாத்திரத்தோட எல்லாம் பேசினேன். பைத்தியக்காரி.” சிரித்தாள்.

கடகட. கடகட.

“என்ன இது, காதுல குடையுது? முன்ன இப்படி ஆடாதே இந்தக் கண்ணாடி. பட்டறைல என்ன பண்ணான் அந்த நட்டு?”

“ரப்பர் போச்சாம்.”

“ரப்பர் எப்பவோ போயிருக்கும். எதையாவது செருகி வச்சிருப்பீங்க, அதப் புடுங்கிப் போட்டிருப்பான்.” கையை நீட்டினாள். “உங்க பையில புடைச்சுக்கிட்டு நிக்குதே தாளு, அதக் குடுங்க. நான் செருகிடறேன்.”

டேஷ்போர்டில் பழைய எடைச்சீட்டுகள் ஒரு கட்டு கிடந்தன. அதை எடுத்துக் கொடுத்திருந்தால் கண்ணாடி அடங்கியிருக்கும். எல்லாமே அடங்கியிருக்கும். கை அங்கே போகவும் போனது. சீட்டுக் கட்டைத் தொட்டது.

பின்னால் மச்சினன் ஏதோ பாட்டை விசிலில் அடித்துக்கொண்டிருந்தான்.

வண்டிக்காரர் கையை இழுத்து, பையில் இருந்ததை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

அவள் செருகத்தான் போனாள். ஈரம் தட்டுப்பட்டு நிறுத்தினாள். கையில் அள்ளினாலே எவ்வளவு ஆணி என்று சொல்கிறவள் அவள். இது வெறும் தாளில்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது. செய்தித்தாளைப் பிரித்தாள். பிளாஸ்டிக் உறையைத் திருப்பினாள். எண்ணைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

“எங்க இருந்துச்சு?”

“இந்தக் கதவுக்குள்ள.”

“யாரு வச்சா?”

“நான்தான். மழையில. இதே இடுக்குல செருகினேன். மறந்துட்டேன்.”

“எப்பக் கெடச்சுது?”

அவர் கியரை மாற்றினார்.

“எப்பக் கெடச்சுதுன்னு கேட்டேன்.”

“காலையில.”

கடகட. கடகட. கடகட.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் கத்தவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கையைப் பிடித்த கை.

“நான்தானே அவனைக் கையெழுத்துப் போட வச்சேன்” என்றாள் மெதுவாக. “உங்க பேனாவால.”

“நாளைக்குப் போய் நானே சொல்லி…”

“வண்டியத் திருப்பு.”

மரியாதை போயிருந்தது. அவர் கேட்டதே இல்லாத குரல்.

“இப்பவேவா? வீட்டுக்குப் போயிட்டு, அவன்கிட்டப் பக்குவமா…”

“திருப்புன்னேன்.”

அவர் திருப்பினார். எதிரே வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான். துண்டுகளை மடியில் வைத்து, அவை பறக்காமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள் அவள். கண்ணாடியை யாரும் கவனிக்கவில்லை. அது தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

விசில் நின்றது. கேபின் கூரையில் கை தட்டிற்று. பின்பக்க ஜன்னலில் சிமெண்டுத் தூள் படிந்த முகம் குனிந்து எட்டிப் பார்த்தது.

“ஏன் மாமா திரும்பிப் போறோம்?” என்று கத்தினான் அவன். “எதையாவது அங்க விட்டுட்டு வந்துட்டீங்களா?”